மண்ணடியிலிருந்து மூன்றரை மணித்தியாலம்

…இல்லை, அது பஸ், வெள்ளவத்தைக் காலி வீதியில் மூச்சு வாங்கிக்கொண்டு கியர் மாற்றுகிற பஸ், பிளேன் என்றால் சத்தம் மேலேயிருந்தல்லவா வரவேண்டும், கடல் பக்கத்தால், வடக்கேயிருந்து, முதலில் ஒரு வண்டு சுற்றுகிற மாதிரித் தொடங்கி, பிறகு யன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கி… நஸீறா விசிறியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள், நிறுத்தியதுதான் தாமதம், வாப்பாவின் கண் திறந்துவிட்டது, என்ன மனுஷனோ, நெஞ்சில் சளி கட்டிக் கொரகொரவென்று இழுத்துக்கொண்டு கிடக்கிற இந்த நேரத்திலும் காது மட்டும் அதே காது, புறக்கோட்டைக் கடையின் பின்கட்டில் சோறு தின்றுகொண்டே முன்னால் எவன் துணியைக் குறைத்துக் கிழிக்கிறான் என்று கண்டுபிடித்த காது. "இப்ப எங்க, மகள்?" என்றார். காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை, அவள் எண்ணவில்லை, எண்ணுகிற மனம் எங்கே இருக்கிறது. "தம்பி காங்கேசன்துறையில எறங்கி எண்ணெய் போட்டுக்கிட்டு இருப்பான் வாப்பா" என்றாள், வாய்க்கு வந்ததை, ஆனால் நம்புகிற குரலில். வாப்பா தலையாட்டினார். அவருடைய நெஞ்சின்மேல் ஒரு வெள்ளை நூல் நீட்டிக் கிடந்தது, அதன் மேல் அவருடைய பெருவிரல் கொஞ்சம், மிகவும் கொஞ்சம், கீழே நகர்ந்தது.

அந்த நூல் இராஜநாயகத்தார் செய்த வேலை. பக்கத்து வீட்டுக்காரர், நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறுகிறவர், காலையில் வேலைக்குப் போகிற வழியில் குடையும் கையுமாக வந்து, தன் மகனுடைய பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தை வாப்பாவின் போர்வைமேல் விரித்து, நஸீறாவிடம் ஒரு நூல் வாங்கி, சென்னப்பட்டினத்தில் ஒரு முனை, கொழும்பில் மற்ற முனை என்று இழுத்துப் பிடித்துக் காட்டினார். "பாருங்கோ பெரியவர், இவ்வளவுதான். நேர்கோடு. நானூற்றுச் சொச்சம் மைல். ஆகாயத்திலை வளைவு சுளிவு ஒண்டும் இல்லை. மூண்டரை மணித்தியாலத்திலை இரத்மலானையிலை வந்து இறங்கிப் போடுவான்." வாப்பா அந்த நூலைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வாழ்நாளெல்லாம் நூலையும் துணியையும் தடவிய மனுஷன், இப்படி ஒரு நூலை அவர் கண்டதில்லை. "ஒரு சாண் கூட இல்லியே" என்றார். அவருக்குச் சென்னப்பட்டினம் என்றால் போட்மெயில், இரண்டு ராத்திரி ஒரு பகல், கோட்டையில் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் குடலே வெளியே வருமாப்போல் வாந்தியெடுத்து, தனுஷ்கோடி மணலில் கால் வைத்ததும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, மறுபடியும் ரயில், கரி, புழுதி, எழும்பூர். வருஷத்துக்கு நாலு தரம். அந்தத் தூரத்தையா இவன் ஒரு நூலில் சுருட்டி என் நெஞ்சில் வைக்கிறான் என்பது போல நூலைக் கையில் எடுத்தவர் பிறகு விடவில்லை. இராஜநாயகத்தார் போகும்போது வாசலில் நின்று நஸீறாவிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, இண்டைக்கு விட்டால் அடுத்த பிளேன் மூண்டு நாள் கழிச்சுத்தான்" என்றார். ஏன் அதைச் சொன்னார், சொல்லாமல் போயிருக்கலாம்.

மூன்று நாள் ஏது. டொக்டர் நேற்றுக் காலையிலேயே பையை மூடிக்கொண்டார், இன்றைக்கோ நாளைக்கோ, மகன் இருக்கிறாரா, கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார், அதற்கு மேல் ஊசியும் இல்லை மருந்தும் இல்லை. ஆனால் வாப்பா போகிற மாதிரி இல்லை, பிடித்துக்கொண்டு கிடக்கிறார், ஏனென்றால் கணக்கு ஒன்று தீரவில்லை, காசுக் கணக்கல்ல, பொருத்தம். போகிற ஆள் இருக்கிற ஆட்களிடம், நான் உனக்குச் செய்த குறையை மனம் பொறுத்துக்கொள் என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும், அவர்களும் 'பொருந்திக்கிட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும், அப்போதுதான் கபுறில் நிம்மதியாகப் படுக்கலாம். முந்தாநாளிலிருந்து ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் கேட்டு முடித்துவிட்டார். கடைப் பொடியன்கள் வந்து அழுதுகொண்டே பொருந்திவிட்டுப் போனார்கள். இராஜநாயகத்தாரிடம் கேட்டபோது, "என்ன பெரியவர், அந்த முருங்கை மரத்துக்கோ? அதை நான் அப்பவே மறந்திட்டன், காய் மட்டும் இப்பவும் எங்கடை பக்கம்தான் விழுது" என்று சிரித்தார், வெளியே போய்க் கண்ணைத் துடைத்தார். நஸீறாவிடம் கேட்டார், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினதுக்கு. நஸீறா பொருந்திக்கிட்டேன் வாப்பா என்றாள், உடனே சொல்லவில்லை, கொஞ்சம் சுணங்கித்தான் சொன்னாள், அந்தச் சுணக்கம் இப்போது அவளைக் குத்துகிறது, ஏன் நாக்கு உடனே வரவில்லை, இவ்வளவு காலமா உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன்? போகட்டும், சொல்லியாயிற்று. மிச்சம் ஒரே ஒரு ஆள், தம்பி மஹ்ரூப், சென்னப்பட்டினத்து மண்ணடியில் கல்யாணம் கட்டி மண்ணடியிலேயே கடை வைத்து அங்கேயே தங்கிவிட்ட தம்பி. அவனிடம் கேட்கவேண்டியது உம்மாவின் தந்திக்கு.

உம்மா மௌத்தானபோது அந்தத் தந்தியை வாப்பாதான் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். உம்மா கபுறில் அடங்கி முடிந்தபிறகு அடித்த தந்தி, மையவாடியிலிருந்து திரும்பி வந்து, காலைக் கூடக் கழுவாமல் வாசற்படியில் நின்றபடி, "மௌத்து என்டு போடாதீங்க. புள்ள தனியா வாறவன். கடல் நடுவுல அவனுக்கு ஆரு கை குடுக்கிற? உம்மா சீரியஸ், உடனே பொறப்படு, அவ்வளவும் போதும்." இதில் என்ன புதுமை, இந்தத் தெருவில் எந்த வீட்டிலிருந்தும் மௌத்து என்ற சொல் தந்தியில் போனது கிடையாது, முஸ்லிம் வீடு, தமிழ் வீடு, பறங்கி வீடு எல்லாம் ஒன்றுதான், எல்லாரும் சீரியஸ், அடங்கின பிறகும் சீரியஸ், அன்பினால் செய்கிற பொய். தம்பி போட்மெயிலில் வந்தான், அப்போது பிளேன் துரைமாருக்குத்தான். மூன்றாம் நாள் கத்தம் ஓதிக்கொண்டிருந்த வீட்டுக்குள், ஒரு கையில் பெட்டி, மற்றக் கையில் துவாயில் சுற்றிய ஒரு மருந்துப் போத்தல், சென்னப்பட்டினத்தில் ஒரு பெரிய டொக்டரைப் பிடித்து உம்மாவின் நோவைச் சொல்லி எழுதி வாங்கி, கப்பலில் உடையாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த போத்தல். யா அல்லாஹ், அவன் அந்தப் போத்தலோடு நடுவீட்டில் நின்ற நிலை. வாப்பாவைப் பார்த்து ஒரு சொல் பேசவில்லை. ஏழாம் நாள் முடிந்ததும் போய்விட்டான். அதற்குப் பிறகு பெருநாளைக்குப் பெருநாள் ஸலாம் சொல்லிக் கடுதாசி, நஸீறாவின் பெயருக்கு.

நேற்று தபால் கந்தோரில் தந்தி அடிக்கிற கொன்ஸ்ரன்ஸ் நோனா இருந்தாள், தடித்த மூக்குக்கண்ணாடி, வாயில் எப்போதும் கறுவாப்பட்டை, வெள்ளவத்தையில் யார் பிறந்தார் யார் போனார் என்பதெல்லாம் அவள் விரலால்தான் போகிறது, கட்-கட-கட் என்று. நஸீறா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "வாப்பாவுக்குக் கடும் சுகமில்ல, தம்பிய ஒடனே வரச்சொல்லி…" என்று தொடங்கினதும் நோனா, "தெரியும் தெரியும் மகள், நீ சொல்லவேணாம், பாவம்" என்று தானே எழுதிவிட்டாள், எப்போதும் எழுதுகிற மாதிரி, வாப்பா சீரியஸ், உடனே புறப்படு. நஸீறாவுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது, சொல்ல வேண்டியதை இன்னொருத்தி எழுதிவிட்டாளே என்று. பிறகு நோனா கண்ணாடிக்கு மேலால் பார்த்து, மெதுவாக, "எத்தின மணிக்கு எடுக்கிறது?" என்று கேட்டாள். எடுக்கிறதாம், மையத்தை! நஸீறாவுக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது, "என்ன கத கதைக்கிறீங்க, எங்கட வாப்பா உசிரோட இரிக்காரு!" என்று கந்தோர் முழுக்கக் கேட்கக் கத்திவிட்டாள், கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள், ஐயோ மன்னிச்சுக்கோ, ஐயோ யேசுவே என்றாள். வழியெல்லாம் நஸீறா அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள், நாக்கில் கரி பூசின கிழவி, உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு நேரம் கேட்கிறாள்… அந்தக் கேள்வி நேற்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே நிற்கிறது, துரத்தினாலும் போகமாட்டேன் என்கிறது. ஏன் அப்படிக் கேட்டாள்? வயதாகிவிட்டது, புத்தி பிசகு, வேறென்ன.

வெளிச்சம் மங்கியது. கடல் பக்கத்து யன்னலால் பார்த்தாள், ரயில் பாதைக்கு அப்பால் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது, தை மாதத்தில் இது என்ன மேகம், இந்த மேகத்துக்குள்ளாலா அவன் வரவேண்டும். புருஷன் ஸஹாப்தீன் காலையிலேயே வாடகைக் கார் பிடித்துக்கொண்டு இரத்மலானைக்குப் போய்விட்டார், பிள்ளைகள் கிருலப்பனையில் மாமி வீட்டில், வீட்டில் அவளும் வாப்பாவும் இந்த இழுப்புச் சத்தமும்தான். மதியத்து ளுஹர் பாங்கு சொல்லி எவ்வளவு நேரமாகிவிட்டது, மூன்றரை மணித்தியாலம் என்றாரே, மூன்றரை எப்போதோ தாண்டியிருக்க வேண்டுமே, பிளேனெல்லாம் காற்றுப் பள்ளத்தில் விழும் என்று யாரோ சொன்னார்கள், ஆகாயத்தில் பள்ளமாம், ரோட்டில் இருப்பது போதாதென்று… ரப்பே, நானல்லவா கூப்பிட்டேன், என் தந்திக்கல்லவா அவன் ஏறினான், கடலில் விழுந்தால் தேடியெடுக்க ஒரு துண்டும் மிஞ்சாதே, வாப்பாவுக்கு மகனைக் காட்டப் போய் மண்ணடியில் ஒரு பெண்ணைக் கைம்பெண்ணாக்கினேனோ. பதில் தந்திகூட வரவில்லை. வராதது நல்லதுதான், அவசரப்படுகிறவன் பதில் போட்டுக்கொண்டிருப்பானா, நேரே ஏறிவிட்டிருப்பான். "இப்ப எங்க, மகள்?" மன்னார், வாப்பா. மன்னார் என்றதும் கிழவரின் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு, "கப்பல்ல… வாந்தி எடுக்காம… மேலால போறான்… சைத்தான்" என்றார், பெருவிரல் நகர்ந்தது. அந்த விரல் நூலின் அடி முனைக்கு வர அதிகம் மிச்சமில்லை. புத்தளம் என்றாள். பிறகு நீர்கொழும்பு என்றாள். இனிச் சொல்ல ஊர் இல்லை.

அப்போதுதான் கேட்டது. வண்டு மாதிரித் தொடங்கவில்லை, ஒரேயடியாகத் தலைக்குமேல் வந்துவிட்டது, மேகத்துக்குக் கீழே, வீட்டு ஓட்டை உரசுமாப்போல், யன்னல் கண்ணாடி நடுங்கி, மேசையில் கரண்டி தம்ளரில் மோதி, முருங்கை மரத்துக் காகமெல்லாம் ஒன்றாய்க் கிளம்பி… நஸீறா யன்னலுக்கு ஓடினாள், வெள்ளி வயிறு ஒன்று கிடுகு வேலிகளுக்கும் தென்னைகளுக்கும் மேலால் தெற்கே சாய்ந்துகொண்டு போயிற்று, விழவில்லை, விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ், அழுகை வந்துவிட்டது. "வந்திட்டான் வாப்பா! வந்திட்டான்!" கிழவருக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ, தொப்பியைப் போடு என்றார், தலகாணியை ஒசத்து என்றார், தாடியைச் சீவச் சொன்னார், வாயைக் கழுவத் தண்ணீர் கேட்டார், மகனிடம் கேட்கிற வாய் சுத்தமாக இருக்கவேண்டும். நஸீறா எல்லாம் செய்தாள். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார், ஓதுகிறாராக்கும் என்று குனிந்தாள். ஓதவில்லை. "மகன்… உம்மாட முகத்த ஒங்களுக்குக் காட்டாம… நான் மறைச்சிட்டேன்… பொருந்திக்கிங்க மகன்." சொல்லிப் பார்க்கிறார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் சொல்லிப் பார்க்கிற மாதிரி, மூச்சு எங்கே அறுகிறது, எங்கே நிறுத்தவேண்டும் என்று. நஸீறா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இரத்மலானை எவ்வளவு தூரம், தெஹிவளை தாண்டினால் வந்துவிடும், சுங்கத்தில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும், பிறகு கார், இதோ வந்துவிடுவான். அவன் வந்தால் மாற்றிப் போடத் துவாய் எடுக்கலாம் என்று அலுமாரியைத் திறந்தாள். மேல் தட்டில் அந்தப் போத்தல் நின்றது. எறியவும் மனம் வரவில்லை, யாருக்குக் கொடுக்க, மருந்து அடியில் மண் மாதிரி உறைந்து, மேலே தெளிந்த தண்ணீர். ஏழாம் நாள் போகும்போது இதை அவள் கையில் கொடுத்த தம்பி இந்த அலுமாரிக்குப் பக்கத்தில்தான் நின்றான், கோபமாகக்கூட அல்ல, களைத்துப்போன குரலில், என்ன சொன்னான்… என்னமோ சொன்னான், அன்றைக்கு அவள் அதைக் காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை… "ராத்தா, நான் மடையன். இனிமே சீரியஸ் என்டு ஒங்கட தந்தி வந்தா எனக்கு வெளங்கும், கபுறுல மண் போட்டு முடிஞ்சி என்டு. அதுக்குப் பொறகு ஓடி வந்தாலும் ஒண்டுதான், ஆறி வந்தாலும் ஒண்டுதான்." துவாய் கையிலேயே நின்றது. எத்தின மணிக்கு எடுக்கிறது. கிழவிக்குப் புத்தி பிசகவில்லை. கொழும்பு முழுக்க அந்தச் சொல்லை ஒரே மாதிரித்தான் படிக்கிறது, நஸீறா ஒருத்தியைத் தவிர, அவளுக்கு மட்டும் நேற்று அந்தச் சொல்லுக்கு உண்மையான அர்த்தம் இருந்தது, வாப்பாவின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போனவள் அல்லவா, அந்தச் சத்தம் தந்தியில் ஏறாது என்று தோன்றவில்லையே. தம்பி கடைப் பலகையில் வைத்து அதைப் பிரித்திருப்பான். இன்னா லில்லாஹி சொல்லியிருப்பான். பிளேன் எதற்கு, முஸ்லிம் வீட்டில் மையத்தை மூன்றரை மணித்தியாலம்கூட வைத்திருக்கமாட்டார்களே, எல்லாம் முடிந்திருக்கும், ஆறித்தான் போவோம் என்று… இல்லை, இல்லை, அவன் அப்படி நினைக்கமாட்டான், ஒருவேளை ஏறியிருப்பான், மனம் கேட்காமல் ஏறியிருப்பான். நூலைப் பிடித்தபடி வாப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் வந்து நின்றது. கதவு ஒன்று திறந்து மூடிய சத்தம். இன்னொரு கதவுக்காக அவள் காத்திருந்தாள், காத்திருந்தாள், காற்சட்டைப் பொக்கெற்றில் சாவி குலுங்குகிற அந்த நடை ஸஹாப்தீனின் நடை, தனி நடை. வாசலிலேயே அவளை இழுத்து நிறுத்திக் காதுக்குள் சொன்னார், "எல்லாரும் எறங்கினாங்க. கடேசி ஆள் வரைக்கும் நின்டு பார்த்தேன். தம்பி இல்ல. பேர் கூடப் பதியல்லியாம்." பிறகு, "இன்னொரு தந்தி அடிச்சா என்ன?" என்றார். அடிக்கலாம், என்னவென்று அடிப்பது, உயிரோடு இருக்கிறார் என்றா, அப்படி ஒரு தந்தி இந்தத் தெருவிலிருந்து போனதே இல்லை, அதையும் அவன் ஆறுதலுக்குச் சொல்கிற பொய் என்றுதானே எடுப்பான், நல்ல சொல் எல்லாவற்றையும் நாங்களே பொய்க்குச் செலவழித்துவிட்டோமே. அதோடு அவன் ஏற்கெனவே ரயிலில் ஏறியிருந்தால் எந்தத் தந்தி அவனைப் பிடிக்கும்?

"மகள்." மறந்துவிட்டாள், அந்தக் காதை மறந்துவிட்டாள். கட்டிலருகே போனாள். வாப்பா அவளைப் பார்த்தார், கோபம் இல்லை, கடையில் கணக்குப் பிசகினால் எங்கே பிசகிற்று என்று நிதானமாகத் தேடுவாரே, அந்தப் பார்வை. "தந்தியில என்ன போட்டீங்க?" பொய் சொல்லலாம் என்று நினைத்தாள், அந்த நினைப்பே அவளுக்குப் பயமாக இருந்தது. "சீரியஸ் என்டு, வாப்பா. ஒடனே பொறப்படு என்டு." வாப்பாவின் தொண்டையில் ஏதோ குலுங்கியது, சளியா சிரிப்பா, அவளால் சொல்ல முடியவில்லை. "அப்ப அவனுக்கு… நான் நேத்தே அடங்கிட்டேன்" என்றார். ஸஹாப்தீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நஸீறா, "வாப்பா, என்னப் பொருந்திக்கிங்க வாப்பா, நான் தான்…" என்று உடைந்தாள், அவர் கையை லேசாக அசைத்தார், அது ஆகட்டும் என்பதா, அது இப்போது வேண்டாம் என்பதா. "தலகாணிய எறக்கு மகள். தொப்பியக் கழட்டு. போட்மெயில்ல தானே வருவான்… ரெண்டு ராத்திரி, ஒரு பகல்… பாப்பம்." அவள் தலையணையை இறக்கினாள், தொப்பியை எடுத்து மடித்தாள், வெளியே மழை தொடங்கியது, கோட்டைக்குப் போகிற ரயில் ஒன்று கடலோரமாய்க் கத்திக்கொண்டு போயிற்று. வாப்பாவின் பெருவிரல் நூலின் அடி முனையிலிருந்து மெதுவாக, நின்று நின்று, மேலே ஏறி, வந்த வழியெல்லாம் திரும்பிப் போய், சென்னப்பட்டினத்து முனையில் நின்றது. "இப்ப எங்க, மகள்?" நஸீறா வாயைத் திறந்தாள், எழும்பூர், விழுப்புரம், திருச்சி, காலை முழுக்க வானத்தில் ஊர் ஊராக நட்டவள் அவள்தானே, ஏதாவது ஒரு பெயர் வரும் என்று பார்த்தாள்… அவன் புறப்பட்டிருப்பானா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. விரல் அங்கேயே, அவள் சொல்வதற்காக, காத்திருந்தது.